யானை வயிற்றுக்குள் ஒரு குட்டி

எங்கள் வீட்டுப் பேத்திக்கு ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. இரண்டாம் வகுப்பு. பென்சிலும் பேப்பரும் கையில் கிடைத்துவிட்டால் அபிராமபுரத்து வீட்டில் குழந்தை இருக்கிற சத்தமே கேட்காது. பால் கணக்கு நோட்டு, கரண்ட் பில்லின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகைக் கவர் என்று எதையும் விட்டு வைக்கமாட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாயங்காலம் ஸ்கூலிலிருந்து வந்து, பையை ஊஞ்சலில் வீசிவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். பால் ஆறி ஏடு கட்டிவிட்டது, தொடவில்லை. மருமகளுக்கு அப்போது எட்டாம் மாதம். குனிந்து நிமிர்ந்து குழந்தையைச் சமாதானப்படுத்த அவளால் முடியவில்லை. நான்தான் மெதுவாகப் பையைத் திறந்து டிராயிங் நோட்டை எடுத்துப் பார்த்தேன்.

'காட்டு விலங்கு ஒன்று வரைக' என்று தலைப்பு. பக்கம் கொள்ளாமல் ஒரு யானை. நாலு காலும் தூண் மாதிரி ஒரே வரிசையில். பக்கவாட்டு முகம்தான், ஆனால் கண் இரண்டு. துதிக்கையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. வயிற்றில் பெரிதாக ஒரு வட்டம். வட்டத்துக்குள் இன்னொரு குட்டி யானை, வாயெல்லாம் சிரிப்பாக! இதெல்லாம் எனக்கு முதலில் கண்ணில் படவில்லை. பட்டது, யானையின் மேல் குறுக்கே கிழித்திருந்த சிவப்புப் பென்சில் கோடுதான். கீழே, 'இப்படியா யானை இருக்கும்? பார்த்து வரை' என்று எழுதி, பத்துக்கு மூன்று மார்க்.

"பாட்டி, அம்மா வயித்துல பாப்பா இருக்குன்னு நீதானே சொன்னே? யானை வயித்துல மட்டும் இருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு விசும்ப ஆரம்பித்துவிட்டாள்.

"நாளைக்கே போய்க் கேக்கறேம்மா" என்று மருமகள் கிளம்பிவிட்டாள். "இரு, இந்த நிலையில் நீ படியேறிச் சண்டை போட வேண்டாம்" என்று தடுத்தேன். மார்க் போனால் போகிறது. அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. ஏறக்குறைய மூன்று வாரம் குழந்தை வரையவே இல்லை. டிராயிங் நோட்டு எழுத வேண்டிய நாளில் பாடப்புத்தகத்தின் மேல் மெல்லிய பேப்பரை வைத்து அப்படியே கோட்டின் மேல் கோடு ஓட்டினாள். கேட்டால், "இதுதான் சரியான யானை" என்றாள்.

சரியான யானை என்றால் என்ன? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. சமையல் வேலை முடிந்த மத்தியானங்களில் புத்தகங்களைப் புரட்டினேன். தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டுச் சுவரிலும் இப்படி ஒரு யானை இருக்கக்கூடும்.

பிரான்ஸ் தேசத்தில் லூக்கே என்று ஒரு அறிஞர் இருந்தார். தன் மகள் சின்னஞ்சிறு வயதிலிருந்து கிறுக்கியதையெல்லாம் பத்திரப்படுத்தி, ஆராய்ந்து, 1913-ல் ஒரு புத்தகமே எழுதினார். 1927-ல் குழந்தைச் சித்திரங்களைப் பற்றி இன்னொன்று. அவர் சொன்னது இதுதான். சிறு குழந்தை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, மனசுக்குத் தெரிந்ததை வரைகிறது. யானைக்கு இரண்டு கண் என்று அதற்குத் தெரியும். ஆகவே எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு கண் போட்டாக வேண்டும். தட்டில் சோறு இருப்பது தெரியும். தட்டுக்கு வெளியே நின்றாலும் சோறு தெரிய வேண்டும். வீட்டை வரைந்தால் சுவர் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே அம்மா சமைப்பது தெரியும். எட்டு ஒன்பது வயது வாக்கில், 'இங்கிருந்து பார்த்தால் எது தெரியும், எது மறையும்' என்கிற கணக்கு தானாகவே வந்து சேரும். இது புத்திக் குறைவு இல்லை. பல் விழுந்து முளைக்கிற மாதிரி ஒரு பருவம்.

இதைப் படித்ததும் மனசு பாதி லேசாயிற்று. மீதிப் பாதியை லேசாக்கியது மத்தியப் பிரதேசத்துப் பாறைகள். பீம்பேட்கா என்ற இடம். 1957-ல் வாகன்கர் என்ற ஆராய்ச்சியாளர் கண்டு சொன்னார். 2003-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் மனிதர்கள் காவிக்கல்லையும் வெள்ளைக் கல்லையும் குழைத்து, பாறைக் குகைகளில் காட்டெருமையும் மானும் யானையுமாகத் தீட்டியிருக்கிறார்கள். அந்த வட்டாரத்துப் பாறை ஓவியங்களில் ஒரு வகை, மிருகத்தின் உட்பக்கம் தெரிகிற மாதிரி வரைவது. குடலும் எலும்பும் தெரியும். சினையாயிருக்கிற மிருகமானால் வயிற்றுக்குள் குட்டியும் தெரியும்! ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களும் மீனையும் கங்காருவையும் இப்படித்தான் வரைந்திருக்கிறார்கள். இதற்கு 'எக்ஸ்ரே பாணி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் அறிஞர்கள்.

படத்தைப் பேத்திக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "இவங்களுக்கு எத்தனை மார்க் போட்டாங்க?" என்று கேட்டாள்.

வேட்டையாடிச் சாப்பிட்ட ஜனங்கள் அவர்கள். மானின் கால் எந்த இடத்தில் மடங்கும், கொம்பு எப்படிக் கிளைக்கும் என்று நம்மைவிட நூறு மடங்கு தெரிந்தவர்கள். அப்படியிருந்தும் கண்ணுக்குத் தெரியாத குட்டியை ஏன் வரைந்தார்கள்? 'இது சினை மிருகம்' என்று சொல்ல வேண்டியிருந்தது. பார்த்ததைப் பார்த்தபடி வரைவது ஒரு காரியம், ஒன்றைச் சொல்வதற்காக வரைவது வேறு காரியம். யதார்த்தம், குறியீடு என்று பெரிய பெயர்களில் சொல்வதெல்லாம் இதுதான்.

நமக்கு இது புதிதா என்ன? மார்கழியில் வாசலில் மயில் கோலம் போடுகிறோமே! நாலு வளைவு, ஒரு கொண்டை, பதினைந்து புள்ளியில் தோகை. எந்த மயிலும் அப்படி இராது. ஆனால் தெருவில் போகிற ஒருவர்கூட 'இது என்ன பறவை' என்று கேட்கமாட்டார். எது விடாமல் இருக்க வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டோம். குறியீட்டின் சாமர்த்தியம் அது.

எங்கள் வட்டாரத்துக்குப் பெயரே மயிலால் வந்தது. உமாதேவி மயில் உருவில் புன்னை மரத்தடியில் சிவனைப் பூஜித்த தலம் என்பது கபாலீசுவரர் கோயிலின் தலபுராணம். காலண்டர்களிலும் சுவர்களிலும் இந்தக் காட்சியைத் தீட்டும் சிலர், அம்பாளான மயிலுக்கு நீளமான தோகையை வைத்துவிடுகிறார்கள். நிஜத்தில் தோகை ஆண் மயிலுக்குத்தான். பெண் மயில் பழுப்பும் சாம்பலுமாக, தோகையில்லாமல் இருக்கும். (தோகை என்பது வாலே இல்லை, வாலுக்கு மேலே முளைக்கிற நீண்ட இறகுகள். அதைத் தூக்கி நிறுத்தி முட்டுக்கொடுப்பதுதான் வால்.) ஓவியரைக் குறை சொல்லவில்லை. தோகை இல்லாவிட்டால் பக்தர்களுக்கு மயில் என்றே தோன்றாதே என்று அவர் நினைத்திருப்பார். கண் ஒன்று சொல்கிறது, வழக்கம் இன்னொன்று கேட்கிறது. நடுவில் தூரிகைக்காரர் பாடு திண்டாட்டம்.

பங்குனித் திருவிழாவில் வாகனங்களைப் பார்த்திருப்பீர்கள். யானை வாகனத்துக்கும் குதிரை வாகனத்துக்கும் நிஜ விலங்கின் சாயல் உண்டு. புருஷா மிருகத்துக்கு நிஜமே கிடையாது. கோயில் தூண்களில் நிற்கும் யாளியும் அப்படித்தான்: சிங்க உடம்பு, சில இடங்களில் யானைத் துதிக்கை, பிதுங்கிய கண். எந்தக் காட்டிலும் பிறக்காத மிருகம், ஆனால் அதன் கால் நகமும் தசை முறுக்கும் அச்சு அசல் நிஜம். இல்லாத விலங்கைச் செய்யவும் இருக்கிற விலங்கை உற்றுப் பார்த்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

பார்க்காமல் வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. 1515-ல் குஜராத் சுல்தானிடமிருந்து ஒரு காண்டாமிருகம் கோவாவிலிருந்த போர்ச்சுகீசியர் கைக்கு வந்து, கப்பலேறி லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக யாரும் அந்த மிருகத்தைப் பார்த்ததில்லை. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. ஜெர்மனியில் இருந்த ட்யூரர் என்ற மகா ஓவியர், யாரோ எழுதிய கடிதத்தையும் ஒரு சின்னப் படத்தையும் வைத்துக்கொண்டு, நேரில் பார்க்காமலே அதை வரைந்து மரக்கட்டையில் அச்சடித்தார். தோல் மடிப்பு இரும்புக் கவசமாகிவிட்டது. முதுகில் ஒரு குட்டிக் கொம்பு உபரியாக முளைத்துவிட்டது! படம் என்னவோ அத்தனை கம்பீரம். விளைவு? இருநூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பியப் புத்தகங்களில் காண்டாமிருகம் முதுகுக் கொம்போடுதான் வந்தது. அந்த வாயில்லா ஜீவனோ, போப்பாண்டவருக்குப் பரிசாக மறுபடி கப்பலேற்றப்பட்டு, 1516-ல் இத்தாலிக் கடலோரத்தில் கப்பல் மூழ்கிச் செத்துப் போயிற்று.

இதற்கு நேர் எதிர் நம் நாட்டு மன்சூர். ஜஹாங்கீர் பாதுஷாவின் அரண்மனை ஓவியர். 1621-ல் பாதுஷாவுக்கு ஒரு வரிக்குதிரை வந்தது. யாராவது குதிரைக்குச் சாயக் கோடு போட்டு ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டு, சோதித்துப் பார்த்த பிறகுதான் நம்பினார்களாம். மன்சூர் அதை எதிரில் நிறுத்தி ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதினார். இன்றைக்கும் அந்தப் படத்தில் தப்புக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மயிலாப்பூரில் ஒரு காட்டுக்காரர்

மன்சூர் போன்ற கண் உள்ளவர் ஒருவர் நம் பேட்டையிலேயே வாழ்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. மா. கிருஷ்ணன் என்று பெயர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. மாதவையாவை மறக்க முடியுமா? பெண் படிக்க வேண்டும் என்றும், பாலவிதவைகளின் கண்ணீர் துடைக்கப்பட வேண்டும் என்றும் அந்தக் காலத்திலேயே எழுதியவர். எட்வர்ட் எலியட்ஸ் ரோடில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், அவர்கள் வீடு. அபிராமபுரத்திலிருந்து ஆட்டோ ஏறினால் பத்து நிமிஷம்.

கிருஷ்ணன் பிறந்தது 1912-ல். அவர் சிறுவனாயிருந்தபோது மயிலாப்பூர் முழுக்கப் புதர்க்காடாம். நரி ஊளையிடுமாம், வெளிமான் மேயுமாம்! ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்திருக்கிறார். பிரசிடென்சி கல்லூரியில் படித்தபோது தாவரவியல் பேராசிரியர் ஃபைசனோடு நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குப் போவாராம். வாட்டர்கலர் தீட்டக் கற்றுக்கொடுத்தவர் யார் தெரியுமா? பேராசிரியர் இல்லை, அவர் மனைவி டயானா ஃபைசன். மலைத் தாவரங்களைப் பற்றிய ஃபைசனின் பெரிய புத்தகத்துக்குப் படம் வரைந்தவர்களில் அந்த அம்மாளும் ஒருவர். வீட்டையும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு இதழாக, ஒவ்வொரு நரம்பாக எழுதிய பெண் கை அது.

படிப்பு முடிந்த பிறகு கிருஷ்ணன் பத்திரிகைகளுக்கு எழுதியும் படம் போட்டும் பிழைத்தார். 1942-ல் பெல்லாரிக்குப் பக்கத்தில் சந்தூர் சமஸ்தானத்தில் வேலை. அங்கே பள்ளி ஆசிரியர், நீதிபதி, மகாராஜாவின் செயலாளர் என்று பல அவதாரம். ஆடு மேய்த்தும் பார்த்தார், புறாத் தபால் நடத்தியும் பார்த்தார். சென்னைக்குத் திரும்பி வந்து 1950-ல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இயற்கைக் குறிப்புகள் எழுத ஆரம்பித்தவர், 1996-ல் காலமாகும்வரை 46 வருஷம் எழுதினார். நம் பத்திரிகை போலவே மாதம் இருமுறை! கட்டுரைகளோடு அவரே பேனாவால் வரைந்த படங்களும் வரும். தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக வந்திருக்கிறது. கிடைத்தால் வாங்கிப் படியுங்கள்.

அவர் காமிராவும் பிடித்தார். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிய காமிரா, அதற்கு ஒரு செல்லப் பெயர் வேறு. யானை மேல் ஏறி முதுமலைக் காட்டுக்குள் போய், கறுப்பு வெள்ளையில்தான் படமெடுப்பார். கையில் காமிரா இருந்தும் பேனாப் படத்தை அவர் விடவில்லை. ஏன் என்று யோசித்தேன். போட்டோவில் புல்லும் விழும், நிழலும் விழும், பாதி மிருகம் மரத்துக்குப் பின்னால் மறைந்தும் போகும். பேனாவால் வரையும்போது, கழுத்தை எப்படித் திருப்பியது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். அப்படிப் பார்த்தால் அச்சு அசல் படத்திலும், 'எதை விடுவது' என்கிற கோலக்காரியின் கணக்கு ஒளிந்திருக்கிறது.

இன்னொரு சங்கதிதான் என்னைக் கட்டிப் போட்டது. தம்முடைய பேத்திக்காக அவர் ஆங்கில எழுத்து வரிசையில், எழுத்துக்கு ஒரு மிருகமாகப் பாட்டு எழுதிப் படமும் வரைந்து ஒரு புத்தகம் செய்திருக்கிறார். அவர் போன பிறகு அது அச்சாகி வந்தது. காட்டையே கரைத்துக் குடித்த பெரியவர், ஒரு சின்னப் பெண்ணுக்காக உட்கார்ந்து பாட்டுக் கட்டியிருக்கிறார். 'நீயும் ஒரு பாட்டிதானே, என்ன செய்தாய்' என்று யாரோ கேட்கிற மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையிடம் காரை எடுக்கச் சொன்னேன். மருமகளுக்குத் துணையாக அவள் அம்மா வந்திருந்தார். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு மாமல்லபுரம் போனோம்.

அர்ச்சுனன் தபசுப் பாறையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரி. இந்த முறைதான் பார்த்தேன். ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செதுக்கியது. யானைகள் கிட்டத்தட்ட நிஜ அளவு. முன்னால் தந்தத்தோடு களிறு, பின்னால் பிடி, காலுக்கடியில் குட்டிகள். பெரியவர்கள் நகர்ந்தால் நசுங்கிவிடுமோ என்று நமக்குப் பதறுகிறது. குட்டிகளுக்கோ அதுதான் உலகத்திலேயே பத்திரமான இடம். ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. கிட்டவே தனிக் கல்லில் ஒரு குரங்குக் குடும்பம்: ஒன்று இன்னொன்றுக்குப் பேன் பார்க்க, குட்டி பால் குடிக்கிறது. நம் வீட்டுப் பின்கட்டு மாதிரியே!

அதே பாறையில், யானையின் காலடிப் பக்கம் ஒரு பூனை. பின்னங்காலில் நின்று, முன்னங்கையைத் தூக்கி, தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். எந்தப் பூனையும் அப்படி நிற்காது. அது பூனையைப் பற்றிய படம் இல்லை, போலிச் சாமியாரைப் பற்றிய படம்! பக்கத்தில் சிங்கங்களையும் பாருங்கள். சுருட்டை சுருட்டையாகப் பிடரி, அலங்காரமாக நிற்கும். தமிழ்நாட்டுக் காட்டில் சிங்கம் கிடையாது. சிற்பி யானையைப் பார்த்துச் செதுக்கினான். சிங்கத்தைக் கேள்விப்பட்டுச் செதுக்கினான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே பாறை, ஒரே உளி. அவன் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளவும் இல்லை, ஒன்றுக்காக மற்றதைக் கைவிடவும் இல்லை.

பேத்தி யானைக்கு எதிரே நின்றவள் நகரவில்லை. "பாட்டி, இந்தக் குட்டியெல்லாம் வெளியே வந்தாச்சு" என்றாள்.

"ஆமாம், எங்கே போனாலும் அம்மா வயித்துக்குக் கீழேயே நிக்கறது பார்."

"உள்ளே எவ்வளவு நாள் இருக்கும்?"

ஏறக்குறைய 22 மாதம் என்று சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "பாவம் யானை அம்மா" என்றாள். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அதை அவள் அம்மாவிடம் போய்ச் சொன்னாள். "அம்மாடி! எனக்குப் பத்தே போதும்" என்று மருமகள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நம் பழைய தமிழ்ப் புலவர்களுக்கும் இந்த இரட்டைப் பார்வை இருந்திருக்கிறது. ஆண் யானைக்குக் களிறு, பெண்ணுக்குப் பிடி, எதன் குஞ்சை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் தொல்காப்பியம் மரபியலில் வரிசையாகச் சொல்கிறது. குறுந்தொகையில், பிரிந்து போன தலைவனை எண்ணி வாடுகிறவளிடம் தோழி ஆறுதல் சொல்கிறாள்: அவர் போகிற காட்டில் களிறு மரப்பட்டையை உரித்துத் தன் பிடிக்கு ஊட்டும், அதைப் பார்த்தால் அவருக்கு உன் ஞாபகம் வராமல் போகுமா என்று. யானை பட்டை உரித்துத் தின்பது காட்டிலாகாக்காரர்கள் இன்றும் பார்க்கிற விஷயம். பார்வை பொய் இல்லாததால்தான் அது சொல்கிற ஆறுதலும் பொய்யாகப் படவில்லை.

ஆனால் குறியீட்டையே நிஜம் என்று எடுத்துக்கொண்டால் விலங்குகளுக்குத்தான் ஆபத்து. நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். 'நரிக்கொம்பு' என்று ஏதோ ஒரு எலும்பில் ரோமத்தை ஒட்டி விற்கிறார்கள். நரிக்குக் கொம்பே கிடையாது! இல்லாத கொம்புக்காக இருக்கிற நரியைக் கொல்கிறார்கள். சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் சில கிராமங்களில் பொங்கல் சமயம் வங்கா நரியைப் பிடித்து வந்து முகத்தில் விழிக்கிற பழக்கம் உண்டு. சட்டப்படி குற்றம், வனத்துறை அபராதம் போடுகிறது. ஆந்தை அலறினால் நாம் வயிற்றைக் கலக்கிக்கொள்கிறோம். வங்காளத்தில் அதே ஆந்தை லட்சுமியின் வாகனம். ஆந்தைக்கு இரண்டும் தெரியாது. அது பாட்டுக்கு எலி பிடித்துக்கொண்டிருக்கிறது.

நாகக் கல்லில் பின்னிக் கொண்டிருக்கும் இரண்டு பாம்பைக் கும்பிடுகிறோம். கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. என் மாமியார் பிரதிஷ்டை செய்தவர். ஆனால் வயலில் இரண்டு பாம்பு முறுக்கி நிமிர்ந்தால், 'சாரையும் நாகமும் பிணைகிறது' என்பது தப்பு. பெரும்பாலும் இரண்டும் ஆண் சாரைகள், பலப்பரீட்சை செய்கின்றன. சாரைக்கு விஷம் கிடையாது. இது தெரிந்தால் கல்லால் அடிக்கிற கை கொஞ்சம் நிற்கும். 1972-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய கிண்டி பாம்புப் பண்ணைக்குக் குழந்தைகளை அழைத்துப் போனால் படத்துப் பாம்புக்கும் நிஜப் பாம்புக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கிண்டி என்றதும் மான் ஞாபகம் வருகிறது. 1978-ல் தேசியப் பூங்காவான அந்தச் சின்னக் காட்டில் புள்ளிமானும் உண்டு, வெளிமானும் உண்டு. குழந்தைகள் படத்தில் இரண்டையும் கலந்து ஒரு மான் போடுவார்கள். புள்ளிமானின் கொம்பு கிளை விடும், வருஷா வருஷம் விழுந்து முளைக்கும். வெளிமானின் கொம்பு திருகாணி மாதிரி, கிளையும் இல்லை, விழுவதும் இல்லை. யானையும் அப்படித்தான். போனில் தேடினால் ஆப்பிரிக்க யானைதான் முதலில் வந்து நிற்கும்: முறம் போல் பெரிய காது, பள்ளமான முதுகு. நம் யானைக்குக் காது சிறிது, முதுகு மேடு, நெற்றியில் இரண்டு புடைப்பு, துதிக்கை நுனியில் ஒரே ஒரு விரல். தந்தம் ஆணுக்குத்தான், தந்தமில்லாத ஆணும் உண்டு, அதற்கு மக்னா என்று பெயர். கால் நகம் பெரும்பாலும் முன்னால் ஐந்து, பின்னால் நாலு. முன்னங்கால் பாதத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் வந்துவிடும் என்பது பாகன்களின் பழைய கணக்கு. இந்தக் கணக்கைச் சொன்னதும் பேத்தி தாத்தாவின் பாதத்தை டேப்பால் சுற்றி அளந்து, "நீ சின்னப் பாப்பா யானை" என்று தீர்ப்புச் சொன்னாள்!

இளம் தாய்மார்களுக்கு ஒன்று சொல்வேன். குழந்தை படத்தைக் கொண்டுவந்து நீட்டினால், 'இது என்னது?' என்று கேட்காதீர்கள். அதற்கு முகம் விழுந்துவிடும். 'இதைப் பத்திச் சொல்லேன்' என்று கேட்டால் ஒரு கதையே வரும். அதன் கோட்டின் மேல் உங்கள் கோட்டைப் போட்டுத் திருத்தவும் வேண்டாம். திருத்தம் வெளியே இருக்கட்டும். பால்கனிக் கம்பியில் அணில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்பதை, மைனா நடப்பதை, குருவி தத்துவதைக் காட்டுங்கள். பார்த்துவிட்டு வந்த கை தானாக மாறும். மாறாவிட்டாலும் அந்த வயசுக்கு மோசமில்லை.

மருமகள் பிற்பாடு டீச்சரைப் பார்த்தாள். சண்டையில்லை. பீம்பேட்கா படத்தை மட்டும் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண்ணும் சின்ன வயசுதான். நாற்பது நோட்டுத் திருத்தின அசதியில் போட்ட கோடு என்று வருத்தப்பட்டாளாம். மார்க்கை மாற்றவில்லை. போகட்டும்.

மாமல்லபுரம் போய் வந்த நாலாம் நாள், ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் யானை நடக்கிறது. காது சின்னதாகிவிட்டது. முதுகு மேடு. பின்னங்காலில் கவனமாக நாலு நகம். கண் ஒன்றுதான். வயிற்றில் வட்டம் இருந்தது, உள்ளே குட்டியும் இருந்தது. ஆனால் இந்த முறை இரண்டையும் கோடாகப் போடாமல் கோலப் புள்ளி மாதிரி புள்ளி புள்ளியாக வைத்திருந்தாள்.

"ஏண்டி இப்படி?" என்று கேட்டேன்.

"வெளியிலேர்ந்து பாத்தா தெரியாது இல்ல பாட்டி. ஆனா இருக்கு. அதான் புள்ளி" என்றாள், தலையைத் தூக்காமலே.